விட்டு விட்டு இழுக்கிற வண்டி

1

இந்தக் கதை ஒரு பஞ்சரில் பிறந்தது. என் சைக்கிளின் பின் டியூப் மறுபடியும் காலை வாரிவிட, ஒட்டித் தரும்வரை கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பேட்டரி சைக்கிள் பார்க்க ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். நான் ஒட்டுக்கேட்கவில்லை, சத்தியமாக. காதில் வந்து விழுந்தது ஒரே ஒரு பேச்சு. அவன் சொன்னான்:

“எனக்குத் தள்ளி விட்டாப் போதும். என்னைக் கேட்டுக் கேட்டுத் தள்ள வேணாம்.”

அவ்வளவுதான் என் கையில் இருந்த சரக்கு. மிச்சம் எல்லாம் இட்டுக்கட்டியது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து என் சட்டையைப் பிடிக்காதீர்கள். எனக்கும் ஒரு பேட்டரி சைக்கிள் வாங்க வேண்டியிருந்தது. எந்த மோட்டார் நல்லது என்று படித்துப் படித்துக் கண் பூத்துப்போய், வாங்குவதைத் தள்ளிப்போடுவதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். எழுதுவதும் ஏறக்குறைய அதே அலுப்புதான் என்று பிறகுதான் தெரிந்தது.

2

முதல் தொடக்கம்: “நீண்ட சாலையின் உச்சியில் காலைச் சூரியன் மெல்ல—”

வேண்டாம். சூரியனுக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இரண்டாவது தொடக்கம்: “பேட்டரி சைக்கிளின் மோட்டார் இரண்டு வகைப்படும்.” பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் கதை நகராது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வகை மோட்டார் சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும். கடைக்காரர் அதைச் சக்கர மோட்டார் என்கிறார். பெடல் சும்மா சுற்றினால் போதும், காலில் தெம்பு இருக்கிறதா இல்லையா என்று விசாரிக்காமல் தள்ளிவிடும். இன்னொன்று பெடல் அச்சிலேயே இருக்கும். இது மிதி மோட்டார். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி தானும் சேர்ந்து மிதிக்கும். கியரோடு கூட்டாக வேலை செய்வதால் மேட்டில் திணறாது, ஆனால் செயின் சீக்கிரம் தேயும். சக்கர மோட்டாரில் செயினுக்கு வேலை குறைவு. ஆனால் நீண்ட ஏற்றத்தில் சூடேறும், அந்தச் சக்கரம் பஞ்சரானால் கழற்றி மாட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

கட்டுரை முடிந்தது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் போகும் என்று மட்டும் கேட்காதீர்கள். அதை இதுவரை யாரும் எனக்கு ஒரே மாதிரி சொன்னதில்லை.

3

அவனை முதலில் ஒரு ஆபீஸ் கிளார்க்காகத்தான் எழுதினேன். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? லிஃப்ட் மெக்கானிக் ஆக்கினேன். கட்டடத்துக்குள் லிஃப்ட் ஓடுகிற அந்த இருட்டுக் குழியில், சுவரோடு பதித்த இரும்பு ஏணியில் ஏறி இறங்குகிற வேலை. வீடு பள்ளத்தில், கம்பெனியின் பணிமனை மேட்டில். வருஷக்கணக்காகச் சாதாரண சைக்கிளில் போய் வந்தவன், திடீரென்று பேட்டரி சைக்கிள் வேண்டும் என்கிறான். வயசாகிறது, மூச்சு வாங்குகிறது என்று சால்ஜாப்பு.

இங்கேதான் மண்டை காய்ந்தது. அவன் பேச்சுப்படி, கேட்காமல் தள்ளுவது சக்கர மோட்டார். தினமும் மேடேறுகிறவன் எவனாவது சக்கர மோட்டார்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பானா?* செயின் தேயுமே என்று அவன் வாயில் ஒரு காரணத்தைத் திணித்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. மிதி மோட்டார் சத்தம் பிடிக்காது என்று திணித்தேன். லிஃப்ட் மோட்டாரோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு இந்த முனகல் ஒரு சத்தமா? அவனுடைய தலைக்குள்ளிருந்தே எழுதிப் பார்த்தேன். காரணத்தின் பக்கத்தில் போகும்போதெல்லாம் பேச்சை மாற்றினான். என்னிடமே மறைக்கிறான் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவனை விட்டுவிட்டு, கதையை அவன் மனைவி பக்கம் நகர்த்தினேன்.

* ஒற்றைக் காலில் நிற்பது: பேச்சு வாக்கில் விழுந்த சொல். அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன்.

4

அவள் ஒரு மருத்துவமனையில் போன் எடுத்து அப்பாயின்ட்மென்ட் கொடுப்பவள். யாரையும் முகம் பார்க்க மாட்டாள், குரல்தான். “சும்மா ஒரு செக்கப்தாங்க” என்று சொல்வதற்கு முன்னால் ஒருவர் கொஞ்சம் நிறுத்தினால் போதும், சும்மா இல்லை என்று கண்டுபிடித்துவிடுவாள். நாளெல்லாம் இப்படிக் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தால் எதையும் காதில் போட்டுக்கொள்ளத் தெம்பிருக்காது.

கடைத்தெரு லேசான ஏற்றம். சக்கர மோட்டார் வண்டியை முதலில் ஓட்டிவிட்டு, அவன் வாயெல்லாம் பல்லாக வந்தான். இதுவே போதும் என்றான். மேட்டுக்குப் போகிறவர் மற்றதையும் பார்த்துவிடுங்கள் என்றார் கடைக்காரர். அவன் மழுப்பினான். ஓட்டிப் பார்த்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று அவள்தான் பிடித்துத் தள்ளாத குறையாக ஏற்றிவிட்டாள். கூடவே நடந்தாள்.

மோட்டார் ம்ம்… என்றது. பிறகு சத்தமில்லை. மறுபடி ம்ம்… பிறகு சத்தமில்லை. வண்டி திக்கித் திக்கிப் போனது.

விட்டு விட்டு இழுக்கிறது, வண்டியில் கோளாறு என்று அவன் இறங்கினான். கடைக்காரர் ஏறி ஓட்டினார். ம்ம்ம்ம்ம் என்று ஒரே இழை. அவளும் ஏறிப் பார்த்தாள், அறுபடவில்லை. கடைக்காரர் எதையோ முடுக்கிவிட்டு மறுபடி அவனிடம் கொடுத்தார். அதே திக்கல். தலையைச் சொறிந்துகொண்டு, வேறொரு வண்டி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போகத் திரும்பினார். அப்போதுதான் அவன் அந்தப் பேச்சைச் சொன்னான். தள்ளி விட்டாப் போதும், கேட்டுக் கேட்டுத் தள்ள வேணாம்.

(சில மிதி மோட்டார்கள் இந்தத் திக்கலைப் பூசி மெழுகிவிடும் என்று பிறகு படித்தேன். என் கதையில் இருப்பது மெழுகாத மோட்டார்.)

கூடவே நடந்தபோது கேட்டதை அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அவன் வலது கால் இறங்கும்போது மோட்டார் சத்தம் வந்தது. இடது கால் இறங்கும்போது வரவில்லை. கால் பெடலோடு சும்மா சுற்றி வந்ததே தவிர, அழுத்தவே இல்லை. சத்தம் நிற்கிற இடத்தைக் கேட்பதுதானே அவள் பிழைப்பு?

அவளுக்கு வீட்டுத் தரை ஞாபகம் வந்தது. மழை தொடங்கியதிலிருந்து அவன் வேலை முடிந்து வந்தால் வாசலிலிருந்து கட்டில் வரை தரையில் ஒரு சேற்றுக் கோடு இருக்கும். இடது ஷூ இழுத்த கோடு. துடைத்து முடித்த தரை. “காலைத் தூக்கி வெச்சு நடந்தா என்ன, கொறஞ்சா போயிடுவீங்க?” என்று தினமும் பாட்டு. “கோடு போடுறவரே” என்று பட்டப்பெயர் வேறு. தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, முனை மட்டும் தேய்ந்த அந்த இடது ஷூவைத் தூக்கிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அவனும் சேர்ந்து சிரித்தான்.



5

முடிவு, ஒன்று. சக்கர மோட்டார் வண்டியை வாங்குகிறார்கள். அவன் ராஜா மாதிரி மேடேறுகிறான். இடது கால் என்ன செய்கிறது, செய்யவில்லை என்று வண்டி யாரிடமும் சொல்வதில்லை, அவளும் கேட்பதில்லை. நாட்கள் ஓடுகின்றன. ஒரு நாள் ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழியில், இரும்பு ஏணியில், மேல்படிக்கு இடது காலை எடுத்து—

எனக்குக் கை வரவில்லை.

முடிவு, இரண்டு. மிதி மோட்டார். டாக்டர், மருந்து, உடற்பயிற்சி. ஒரு காலையில் அவள் வாசலில் நின்று கேட்கிறாள், ம்ம்ம்ம்ம், இழை அறுபடாமல் தெருமுனை வரை போகிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்தால் மோட்டார் கம்பெனி விளம்பரம். தவிரவும், நாள் முழுக்க நோயாளிகளுக்குத் தேதி கொடுப்பவள் இதை நம்பவே மாட்டாள். என்னைப் பார்த்து, லைன்ல இருங்க என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

மூன்றாவதாக ஒன்று எழுதிக் கிழித்துவிட்டேன். அதில் எல்லோரும் அழுதார்கள், கடைக்காரர் உட்பட.

6

ஆகவே அவர்களைக் கடை வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறேன். கடைக்காரர் உள்ளே. இரண்டு வண்டியும் ஸ்டாண்டில். அவன் சக்கர மோட்டார் வண்டியின் ஹேண்டிலைப் பிடித்திருக்கிறான், விட்டால் யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்பது போல.

“எப்ப இருந்து?” என்றாள்.

“என்ன எப்ப இருந்து?”

“கால்.”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. “கம்பெனியில தெரிஞ்சா ஏணியில ஏத்த மாட்டாங்க,” என்றான். “ஒரு மூலையில போனைக் கொடுத்து உக்கார வெச்சிடுவாங்க.”

“நான் அதைத்தானே பண்றேன்.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. உங்க பேரை நாளைக்கே நரம்பு டாக்டர்கிட்ட போடறேன், மறுபேச்சு பேசக்கூடாது என்றாள். அவன் தலையை ஆட்டினான். வண்டி விஷயம் அதோடு அடங்கிவிட்டது. ஆனால் அவள் விடவில்லை.

“சொல்லுங்க. மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?”

அவனுக்குப் புரிந்தது. பின்னாடி என்று சொன்னால், முதலில் அது வெறும் சோம்பல் நடைதான், அவள் திட்டியது அந்தச் சோம்பலைத்தான் என்று ஆகிவிடும். இனிமேல் அவள் நிம்மதியாகத் தரையைத் துடைக்கலாம். ஆனால் டாக்டரும் இதையேதான் கேட்பார், அவள் அந்தப் பொய்யையேதான் சொல்வாள். முன்னாடி என்று சொன்னால் டாக்டருக்கு உண்மை கிடைக்கும். அந்தக் கோடுகள், அந்தப் பட்டப்பெயர், தங்கை வீட்டுச் சிரிப்பு எல்லாம் அவள் தலையில் வந்து இறங்கும்.

என்னால் முடியவில்லை. அவன் வாயிலிருந்து எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பேச்சு, அதையும் செலவழித்துவிட்டேன். டியூப் ஒட்டியாகிவிட்டது, நான் கிளம்ப வேண்டும். மேடு வேறு இருக்கிறது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், ரொம்ப நேரம் நிறுத்தினால் கண்டுபிடித்துவிடுவாள். முன்னாடியா, பின்னாடியா, நீங்களே சீக்கிரம் எழுதுங்கள்.

“மழைக்கு ……………………” என்றான்.