வெட்டிய மூன்று நொடி

அக்கா தம்பியின் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நாடா கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. ஆம்புலன்சில் வந்தவர்கள் நெஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டு, இதயம் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முப்பத்தொரு வயது. சளி என்றுகூட ஒருநாள் படுத்தவனில்லை. முடிச்சு அவிழ மறுத்தது. அவளுக்கு அதன்மேல் கோபம் கோபமாக வந்தது.

"சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் வேணும்," என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடி. "உங்கிட்டதான் ஆயிரக்கணக்குல இருக்குன்னு சொல்லுவியே."

இருந்தது. எல்லாம் கண்ணுக்குள்ளே எடுத்தவை. உயிருள்ள விழித்திரையை, ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகத் தெரியும்படி படமெடுக்கும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான கண் ஒன்று தேவைப்பட்டபோது தம்பியை இழுத்து வந்து உட்காரவைத்தாள். வியாழக்கிழமைதோறும் அவன் தன் பல்லச்சு பதிந்த மெழுகுக் கட்டையைக் கடித்துக்கொண்டு, தலை அசையாமல் இருக்க வேண்டும். அவனுக்கா அது முடியும்? ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாதவன் என்றுதான் வீட்டில் பம்பரம் என்று கூப்பிட்டார்கள். ஆய்வுக்கூடத்திலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

முகம் தெரியும் படம் ஒன்றே ஒன்று, அவன் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் ஒட்டியது, அங்கே இருந்தது. அதை எடுக்கப் போனாள். வீட்டிலிருந்து தப்பிக்க அதுவும் ஒரு சாக்கு.

படிவம் மேல் டிராயரிலேயே கிடைத்தது. திரும்பியிருக்கலாம். கை தன்போக்கில் கணினியைத் திறந்து போன வியாழக்கிழமைப் பதிவை ஓடவிட்டது. மயிரிழையிலும் மெல்லிய குழாயில் ரத்த அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. நாலே நாள் முன்பு, அவன் ரத்தம்.

நடுவில் ஒரு தாவல் வந்தது. அங்கே மூன்று நொடியை அவள்தான் வெட்டியிருந்தாள். அணுக்கள் சட்டென்று நின்று, பிறகு முட்டிமோதி ஓடிய இடம் அது. கண் ஆடினால் படம் இப்படித்தான் கெடும் என்று வேறெதையும் பார்க்காமல் அவனை அதட்டியிருந்தாள்.

"டேய் பம்பரம், ஆடாதேடா. எத்தன தடவ சொல்றது?"

அவன் கட்டையை வாயிலிருந்து எடுத்தான். "நான் ஆடலக்கா. சத்தியமா."

பம்பரத்தின் சத்தியத்தை நம்பச் சொல்கிறாயா என்று கேட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் வெட்டினாள்.

வெட்டாத மூலப் பதிவைத் தேடித் திறந்தாள். கண் ஆடியிருந்தால், குழாயைச் சுற்றிலும் கடுகு பரப்பியதுபோல் கிடக்கும் செல்களும் சேர்ந்து நகர்ந்திருக்க வேண்டும். அவை இருந்த இடத்திலேயே இருந்தன. ஒன்றுகூட நகரவில்லை. ரத்தம் மட்டும் நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு ஓடியது.

அன்றைக்கே அவன் இதயம் மூன்று நொடி நின்றிருக்கிறது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். அலமாரியில் அவன் பெயர் எழுதி ஒட்டிய மெழுகுக் கட்டை, பல் தடத்தோடு அப்படியே இருந்தது.

கைப்பேசி அடித்தது. அம்மா.

"படம் கெடச்சுதா?"

"கெடச்சுதும்மா."

"நல்லா விழுந்திருக்கா? அவன் எந்தப் படத்துலதான் ஒழுங்கா நின்னான். அதுலயும் ஆடியிருக்கானா?"

திரையில் அணுக்கள் நின்றிருந்தன.

"இல்லம்மா," என்றாள். "ஆடல."

ரத்தம் மறுபடி ஓடத் தொடங்கியது.