நல்ல காலில் ஒரு கட்டு

வெயில் ஏறுவதற்குள் மண் இறுகியாக வேண்டும். கருங்கல் ரோலரின் இரும்புப் பிடியில் கயிற்றைக் கட்டி நான்கு பேர் முன்னால் இழுத்தார்கள். நான்கு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். தை மாதப் பனியில் ஜவ்வாது மலை இன்னும் கண் திறக்கவில்லை. இரும்பு விரல்களைக் கடித்தது. வாயிலிருந்து புகை வந்தாலும் பனியன் முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வையும் வந்தது. முந்தின நாள் முழுக்க அவர்களே சலித்து, கல் பொறுக்கி, தண்ணீர் சுமந்து ஊற்றிய செம்மண் காலடியில் மெல்ல மெல்லக் கெட்டியானது.

இது கூலியாள் செய்ய வேண்டிய வேலை. கல்லூரி வாசலில் சீரியல் விளக்கு போட்டு வளைவு கட்டத் தாளாளர் கோகுலகிருஷ்ணனுக்கு மனம் வந்தது. களம் போட ஆள் வைக்க மட்டும் மனம் வரவில்லை. கபடி ஆடுகிறவர்கள் என்று ஃபீஸ் இல்லாமல் சேர்த்துக்கொண்ட பையன்கள் எட்டு பேர் சும்மாதானே இருக்கிறார்கள்? விளம்பரப் பலகையில் அவர்கள் படம் இருக்கும். தட்டில் முட்டை இருக்காது.

முன்கயிற்றில் சக்கரவர்த்தியும் கோவிந்தனும் அருகருகே இழுத்தார்கள். களத்திலும் அப்படித்தான் நிற்பார்கள், இடது ஓரத்தில், கைகோத்துக்கொண்டு. பாடி வருகிறவனின் கணுக்காலைச் சக்கரவர்த்தி பிடிப்பான். அதே நொடியில் கோவிந்தன் அவன் இடுப்பில் பாய்வான். இரண்டும் ஒன்றாக நடந்தால் வருகிறவன் சாய்வான். பாய்கிறவன் கொஞ்சம் பிந்தினால் வருகிறவனின் மொத்த எடையும் கால் பிடித்தவன் மேல் இறங்கும். மூன்று வருடத்தில் கோவிந்தன் ஒரு தடவைகூடப் பிந்தியதில்லை.

ரோலரை நிறுத்தி மூச்சு வாங்கும்போது கோவிந்தன் மெல்லச் சொன்னான்.

“மச்சான், அந்த டீம் மேனேஜர் போன் பண்ணாரு. கேம்ப் தொடங்கற வரைக்கும் எங்கியும் ஆடக் கூடாதாம். அடிபட்டுச்சின்னா என் இடத்துல வேற ஆள போட்டுருவாங்களாம்.”

பணம் கொடுத்து ஆட வைக்கிற பெரிய லீக் ஒன்றில் ஒரு அணி அவனைத் தேர்ந்தெடுத்திருந்தது. மலையே பேசிய சேதி அது. இப்போது சனி, ஞாயிறு இரண்டு நாளும் தாளாளரின் அப்பா பெயரில் கோப்பைப் போட்டி. அதில் ஆட முடியாது என்று சொல்லத்தான் கோவிந்தனுக்கு நாக்கு எழவில்லை.

சக்கரவர்த்தி உள்ளங்கையை அரைக்கால் சட்டையில் துடைத்தான். “அப்ப ஆடாத.”

“கோப்பை?”

“ஜெயிச்சா அவரு வூட்டு ஷோகேஸ்ல வெச்சுக்குவாரு. நமக்கு இன்னா? நீ போடா. எங்கம்மா உன்ன டிவில பாக்கட்டும்.”

“அவராண்ட இன்னான்னு சொல்றது?”

“இருக்கறத சொல்லு. தனியா போவாத. நாங்க எல்லாரும் கூட வர்றோம்.”

திட்டுவான் என்று நினைத்து வந்தவன் சக்கரவர்த்தியின் தோளில் கை போட்டான். சரி என்று தலையாட்டினான். ஆனால் அன்று சாயந்திரம் யாரையும் கூப்பிடாமல் தனியாகத்தான் போனான். எல்லாரும் சேர்ந்து போனால் அவருக்குக் கோபம் வரும், அந்தக் கோபத்தில் தன் வாய்ப்பு கெட்டுவிடும் என்று பயந்தான்.

கோகுலகிருஷ்ணன் ஒடுகத்தூரில் மணிலாக்கொட்டை வியாபாரம் பார்த்து, பிறகு மலையேறிக் கல்லூரி கட்டியவர். எடைபோட்டுப் பார்க்கிற கண் இன்னும் போகவில்லை.

“வாடா கோவிந்தா. உன் மூஞ்சிய பெருசா போட்டு கண்ணமங்கலம் வரைக்கும் பேனர் வெச்சிருக்கேன். மூணு வருசம் போட்ட சோத்துக்கு இந்த ரெண்டு நாள் காட்டிட்டு போ.”

லீக் பற்றிச் சொல்ல வந்த கோவிந்தன் அதை விட்டுவிட்டான். “கால் சுளுக்கிக்கிச்சுங்க சார்.”

“எந்தக் காலு?”

ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. “இடதுங்க.”

வெளியே வந்ததும் கடையில் துணிக்கட்டு வாங்கி, நன்றாக இருந்த கணுக்காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். மற்றவர்களிடமும் சுளுக்கு என்றே சொன்னான். சக்கரவர்த்தி மட்டும் கட்டைப் பார்த்தான், அவன் முகத்தைப் பார்த்தான்.

சனிக்கிழமை அரையிறுதி. கோவிந்தன் இடத்தில் ரமேஷ் நின்றான். முதல் வருட மாணவன், நல்ல உடம்பு, ஆனால் சக்கரவர்த்தியோடு கைகோத்து ஆடியவன் இல்லை. கோவிந்தன் ஓரத்தில் பெஞ்சில், கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊர்க்காரர்கள் வந்து வந்து விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது.

சக்கரவர்த்தியின் அம்மா பாஞ்சாலை சாமை அடித்த களத்திலிருந்து நேராக வந்திருந்தாள். தலையில் உமித்தூசி அப்படியே இருந்தது. மடியிலிருந்து எண்ணெய்ச் சீசாவை எடுத்துக்கொண்டு கோவிந்தன் காலடியில் உட்கார்ந்தாள்.

“வாணாம் அத்த.”

“சும்மா இருடா. நீ நல்லாருந்தாதான அவன் பத்திரமா ஆடுவான்.”

கட்டுத் துணியை மேலே தள்ளி, கட்டை விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். காய்ப்பு காய்த்த விரல். “இங்க வலிக்குதா? இங்க?” என்றாள். வலிக்காத இடத்திலெல்லாம் அவன் வலிக்குது என்றான். செத்துப் போனால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. எழுந்து போய் களத்தில் நிற்க இன்னும் நேரம் இருந்தது. அவன் எழவில்லை.

அந்த நேரத்தில்தான் எதிரணி ஆள் பாடிக்கொண்டு இடது ஓரத்துக்கு வந்தான். ஆறடி உயரம். சக்கரவர்த்தி குனிந்து கணுக்காலைப் பிடித்தான். பிடி சுத்தமான பிடி. ரமேஷ் அரை மூச்சு பிந்தினான். அந்த ஆள் முறுக்கிக்கொண்டு திரும்பி, மொத்தமாகச் சக்கரவர்த்தியின் முழங்கால் மேல் பக்கவாட்டில் விழுந்தான். விறகு ஒடிகிற சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

பாஞ்சாலை எண்ணெய்க் கையோடு எழுந்து ஓடினாள்.

டாக்டர் இல்லை, வண்டி இல்லை, ஐஸ் இல்லை. முதலுதவிப் பெட்டியில் காய்ந்துபோன டிங்சர் பாட்டில் ஒன்றுதான் இருந்தது. “கட்டறதுக்கு ஏதாவது குடுங்கடா!” என்று பீட்டி மாஸ்டர் ராஜாக்கண்ணு கத்தினார். கோவிந்தன் குனிந்து தன் காலிலிருந்த கட்டை அவிழ்த்தான். அவிழ்த்துக்கொண்டே ஓடினான். சுளுக்கிய கால் ஓடுகிற ஓட்டத்தை மலையே பார்த்தது. பனைமரத்து நிழலில் நாற்காலி போட்டிருந்த தாளாளரும் பார்த்தார்.

“இறுக்கிக் கட்டு மச்சான்,” என்றான் சக்கரவர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு.

பாஞ்சாலை மகனின் தலையை மடியில் வைத்திருந்தாள். அவள் கண் கோவிந்தனின் வெறுங்காலில் நின்றது. எண்ணெய் அதில் இன்னும் பளபளத்தது.

ரமேஷ் அழுதுகொண்டே மிச்ச ஆட்டத்தை ஆடினான். எப்படியோ ஜெயித்தும்விட்டார்கள். யாரும் கை தட்டவில்லை.

மறுநாள் காலை ஒடுகத்தூர் ஆஸ்பத்திரியில் ஏழு பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். முழங்காலுக்குள் தசைநார் கிழிந்திருக்கிறது, வேலூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஏர் ஓட்டக்கூடக் கால் நிற்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோகுலகிருஷ்ணன் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

“ஆபரேஷனுக்கு காலேஜ் இன்னா செய்யும் சார்?” என்று கேட்டான் ரமேஷ்.

“விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும். அதுக்கெல்லாம் காலேஜ் பொறுப்பாவுமா? நானா இவன் கால ஒடச்சேன்?”

“உங்க கோப்பைக்குத்தான சார் ஆடினான்?”

“எதுத்துப் பேசறியா? கால ஒடச்சவன் இதோ நிக்கிறான், அவன கேளு.” தாளாளரின் விரல் கோவிந்தனைக் காட்டியது. “நல்ல கால்ல கட்டு போட்டுக்கினு ஒக்காந்திருந்தாரு தொரை. இவன் ஆடியிருந்தா இது நடந்திருக்குமா?”

சகாக்களின் பார்வை தன் மேல் விழுவது கோவிந்தனுக்குத் தெரிந்தது. அவர் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் உண்மை.

“ஆமாங்க. பொய்தான் சொன்னேன்.”

“அப்ப சாயந்திரம் ஃபைனல் ஆடு. ஜெயிச்சின்னா இவன் ஆபரேஷன நான் பாத்துக்கறேன். ஆடலன்னா அந்த மேனேஜருக்கு ஒரு போன் போதும். பொய் பேசற பையன், தகராறு பண்ற பையன்னு சொன்னா எவன் உன்ன எடுப்பான்? ஆங், இன்னொண்ணு. ஆட முடியாதவனுக்கு ஹாஸ்டல் ரூம் எதுக்கு? இந்த மாசத்தோட காலி பண்ணிக்கட்டும்.”

“ஆடறேங்க,” என்றான் கோவிந்தன். யோசிக்கவே இல்லை. அடி விழுந்தால் தன் மேல் விழட்டும் என்றிருந்தது.

தாளாளர் பழப்பையை வைத்துவிட்டுப் போனார். கட்டிலிலிருந்து சக்கரவர்த்தி கேட்டான். “இன்னாத்துக்குடா ஒத்துக்கின?”

“என்னாலதான மச்சான் உனக்கு...”

“எண்ணெ தேச்சி வுட்டனே,” என்றாள் பாஞ்சாலை. மூலையில் உட்கார்ந்திருந்தவள் நேற்றிலிருந்து இப்போதுதான் அவனிடம் வாய் திறந்தாள். “அப்பகூட உனக்கு சொல்லணும்னு தோணலியா?”

கோவிந்தன் தரையில் உட்கார்ந்து அழுதான். “மன்னிச்சிடு அத்த.”

“மன்னிக்கிறது அப்பால. இன்னும் ஆத்தரமாத்தான் இருக்குது எனக்கு. அதுக்காவ நீயும் போய் வுழுந்துட்டு வந்து பக்கத்து கட்டில்ல படுப்பியா? உங்கம்மாவும் எம்மாதிரி இந்த ஆளு எதுர்ல கைய கட்டிக்கினு நிக்கணுமா? ஜெயிச்சாத்தான் வைத்தியமாம். தோத்தா எம்புள்ள கால் கால் இல்லியா?”

வராந்தாவில் ஒரு ஸ்ட்ரெச்சர் கிறீச்சிட்டுக்கொண்டு போனது.

“ஒருத்தன் நல்லதுக்கு ஆடாம இருக்கறது தப்பில்ல,” என்றான் சக்கரவர்த்தி. “நான்தான வாணாம்னேன். நீ பண்ண தப்பு இன்னா தெரியுமா? எல்லாரும் வர்றோம்னு சொன்னேன், வுட்டுட்டு தனியா போன. தனியா போனவங்கிட்டதான் அவரு வெல பேசுவாரு. இன்னிக்கி உங்கிட்ட பேசனாரு, நாளைக்கு ரமேஷ் கால்ல அடிபட்டா அவங்கிட்ட பேசுவாரு.”

ரமேஷ் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “நான் ஆடல.”

“நானும்,” என்றான் இன்னொருவன். மற்றவர்களும் சொன்னார்கள், ஒருவன் மட்டும் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்து நின்றுவிட்டு. அவனுக்கு ஹாஸ்டல் சோறு போனால் வீட்டிலும் சோறு கிடையாது. எல்லாருக்கும் அது தெரியும். கடைசியில் அவனும் தலையாட்டினான்.

சாயந்திரம் களத்தைச் சுற்றி மூன்று மலைக் கிராமங்களும் திரண்டிருந்தன. மேடையில் பொன்னாடைகள் அடுக்கியிருந்தார்கள். மைக்கில் பெயர் கூப்பிட்டதும் ஏழு பேரும் பனியன் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தார்கள். கோட்டுக்குள் போகவில்லை. அவுட்டானவர்கள் உட்காரும் இடத்துக்குப் போய், இடது ஓரத்தில் ஓர் ஆள் இடத்தை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். அவர்களே ரோலர் இழுத்து இறுக்கிய மண் வெயிலில் இன்னும் சூடாக இருந்தது.

நடுவர் விசில் ஊதினார். யாரும் எழவில்லை. ராஜாக்கண்ணு மாஸ்டர் ஓடிவந்து, “டேய், என் வேலய கெடுத்துடாதீங்கடா,” என்று கெஞ்சினார். பிறகு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கோட்டின் மேலேயே நின்றார்.

கோகுலகிருஷ்ணன் மேடையிலிருந்து இறங்கி வந்தார். “இன்னாடா இது நாடகம்? கோவிந்தா, எந்திரி. மறுபடியும் கால் சுளுக்கா?”

கோவிந்தன் உட்கார்ந்தபடியே சொன்னான். குரல் கூட்டத்துக்குக் கேட்டது.

“இல்லீங்க. என் கால் நல்லாத்தான் இருக்குது. நேத்தும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆட முடியும். ஆட மாட்டேன். ஜெயிச்சாலும் தோத்தாலும் சக்கரவர்த்தி ஆபரேஷன காலேஜ் செய்யணும். அவன் ரூம் அவனுக்கே இருக்கணும். களத்துல டாக்டரும் வண்டியும் இல்லாம இனிமே எவனும் எறங்க மாட்டோம்.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. எதிரே நின்ற செங்கம் அணியின் கேப்டன் கோட்டைத் தாண்டி வந்து ரமேஷிடம் குனிந்து ஏதோ கேட்டான். கேட்டதும் தன் முழங்காலைத் தடவிக்கொண்டான். அங்கே நீளமாக ஒரு தையல் தழும்பு இருந்தது. திரும்பிப் போய்த் தன் ஆட்களிடம் பேசினான். அவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் பக்கத்துக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள்.

தாளாளரின் முகம் கறுத்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கோவிந்தனைப் பார்த்துக்கொண்டே ஒரு நம்பரைத் தேடி அழுத்தினார். யாருடைய நம்பர் என்று கோவிந்தனுக்குத் தெரியும். போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நடுவர் மறுபடியும் விசில் ஊதினார்.

கோவிந்தனின் கை மண்ணை அள்ளி இறுக்கியது. ரமேஷ் அந்தக் கையைப் பிடித்தான். இந்தத் தடவை அவன் பிந்தவில்லை.