கோழிக் களவாணியின் பூட்டுக்கம்பி

எண்பத்தேழு பாகங்களுக்கு மட்டுமே குழி வெட்டப்பட்ட எஃகு அச்சிலிருந்து எண்பத்தெட்டாவது பாகம் வந்து விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை காபி இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்பு. மற்ற எண்பத்தேழும் உள்ளே ஊற்றிய பிளாஸ்டிக்கின் நிறத்தில், அதாவது வெள்ளையாக வந்திருந்தன. இது மட்டும் அரிசி நீளத்தில் ஒரு கம்பி, அதன் முனையில் சிவப்பாக ஒரு ரிப்பன். இல்லினாய்ஸில் வெஸ்ட் பிராடி ஊரில், வாங்குகிறவரே பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் கிட்களைச் செய்யும் ஹால்ஸ்டெட் மாடல் கார் தொழிற்சாலையில் இதை முதலில் பார்த்தவர் அச்சு வெட்டும் வென்டல் புருட்ஸ்கி, வயது எழுபத்து மூன்று. பார்த்ததும் அதைப் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து கிள்ளி வாயில் போட்டு விழுங்கிவிட்டார். இயந்திரம் அடுத்த முறை திறந்தபோது இன்னொன்று இருந்தது. காபி மணி அடிப்பதற்குள் நான்கு விழுங்கியிருந்தார். அன்று அவர் மதிய உணவு சாப்பிடவில்லை என்பதைத் தவிர உடம்புக்கு வேறு கேடு எதுவும் வரவில்லை.

அந்த அச்சு 1969இல் வெட்டப்பட்டது. உள்ளூர்க்காரன் டுவேன் ஸ்டகோவியாக் கால் மைல் பந்தயங்களில் ஓட்டிய 'கோழிக் களவாணி' என்ற காரைக் கதவுக் கைப்பிடி வரை அளந்து, கைக்கு அடக்கமாகச் சுருக்கி, எஃகில் குழித்த அச்சு. குழித்தவர்களில் கடைக்குட்டி வென்டல். வார நாளில் அச்சுப் பட்டறை, ஞாயிறு டுவேனின் எடுபிடி. டுவேன் செத்த பிறகு, ஓட்டத்தின் முடிவில் காரை நிறுத்தப் பின்னால் விரியும் பாராசூட்டுக்குப் பிளாஸ்டிக் போகும் வழியைப் பித்தளை ஆணியால் அடைத்து, அதே அச்சில் சாதுவான குடும்பக் கார்களை அடித்து விற்றார்கள். பிறகு அது நாற்பது வருடம் கொட்டகையில் துருப்பிடித்தது. பழைய கிட்களை மறுபடி அச்சிட்டால் தலை நரைத்த பையன்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும், ஓய்வில் இருந்த வென்டலைக் கூப்பிட்டு அடைப்பை எடுக்கச் சொன்னார்கள். அந்த அச்சை வெட்டியவர்களில் உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். எடுத்தார். அந்த வழியாகத்தான் பூட்டுக்கம்பி வந்தது.

பூட்டுக்கம்பி செய்யும் வேலை சின்னது. ஓடாத நேரத்தில் பாராசூட் பை தானாகத் திறந்து மானத்தை வாங்காமல் இருக்க அதில் ஒரு கம்பியைச் செருகியிருப்பார்கள். கண்ணில் படட்டும் என்று சிவப்பு ரிப்பன். கார் புறப்படுமுன் எடுபிடி அதை உருவ வேண்டும். உருவாவிட்டால் ஓட்டுகிறவன் எந்தக் கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் பாராசூட் விரியாது. 1970 ஜூலையில் ஒரு ஞாயிறு, பக்கத்துத் தடத்துக்காரனின் எடுபிடியோடு வென்டல் வாய்ச்சண்டையில் இருந்தார். சண்டையில் அவர்தான் ஜெயித்தார். டுவேன் மணிக்கு இருநூறு மைல் வேகத்தில் சோளக்காட்டுக்குள் போனான். முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தவரும் வென்டல்தான். கம்பி பையிலேயே இருந்தது. அதை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விசாரித்தவர்கள் 'ஓட்டியவர் தாமதமாக இழுத்தார்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். அதிலிருந்து டுவேனின் மனைவி லொரெட்டாவுக்கு ஊரில் அதுவே பெயர்: லேட்டா இழுத்தவன் பொண்டாட்டி.

வென்டல் அச்சைக் கழற்றிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கம்பிக்கான குழி எங்கும் இல்லை. பித்தளை ஆணியை மறுபடி அடித்தார். பாராசூட் வருவது நின்றது, கம்பி வருவது நிற்கவில்லை. ஆணியை மறுபடி எடுத்துவிட்டார். வியாழக்கிழமை விற்பனைப் பிரிவின் கோல்பி வந்து ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"வென்டல்! பூட்டுக்கம்பி! இதை ஏன் சொல்லவேயில்ல நீங்க?"

"அது அச்சுல இல்லப்பா."

"இல்லாமத்தான் வருதா? கிழவங்க பார்த்தா அழுதுடுவாங்க."

பெட்டியின் மேல் 'இப்போது பூட்டுக்கம்பியுடன்!' என்று அச்சடித்தார்கள். செய்முறைத் தாளில் பதினான்காம் படி: கம்பியைப் பையில் செருகி ஒட்டவும். ஒட்டக்கூடாது, உருவத்தான் வேண்டும் என்று வென்டல் சொல்லிப் பார்த்தார்.

"அலமாரில நிக்கிற வண்டிக்கு எதுக்குங்க பிரேக்கு?" என்றான் கோல்பி. அதில் நியாயம் இருந்தது.

அடுத்த வாரம் வென்டல் ஒரு பெட்டியையும், ஐம்பத்தொரு வருடமாகக் கருவிப்பெட்டியின் கடைசி இழுப்பறையில் துணி சுற்றிக் கிடந்த உண்மையான கம்பியையும் எடுத்துக்கொண்டு லொரெட்டா வீட்டுக்குப் போனார். ஷூவைக் கழற்றச் சொன்னாள், தரை துடைத்திருந்தாள். இரண்டு கம்பிகளையும் சமையலறை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை, அவள் பந்தயக்காரன் மனைவி.

"அவரை அடக்கம் பண்ணின மறுவாரம், மீன் வறுவல் விருந்துல என் மேஜைலதானே உக்காந்திருந்தே?"

"ஆமா."

"கோஸ் சாலட்டை இந்தப் பக்கம் தள்ளுங்கன்னே."

"ஆமா லொரெட்டா."

"நான் தள்ளினேன்."

"தள்ளினீங்க."

"அழுவாதே. அழுதா துடைக்க வேண்டியது நான்தான். என்கிட்ட சொல்லி என்ன ஆவுது? அந்த விருந்துலயே போய்ச் சொல்லு."

அப்படியே ஊர் கூடும் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில், குலுக்கல் சீட்டு படிக்கும் மைக்கை வாங்கி வென்டல் ஒன்று விடாமல் சொன்னார். சண்டை, சோளக்காடு, சட்டைப்பை. கூடத்தில் நூற்றுப்பத்துப் பேர் இருந்தார்கள், பாதிப் பேரிடம் புதுப் பெட்டி இருந்தது.  சொல்லி முடித்ததும் பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். "ரிப்பன் ஆரஞ்சு இல்லையோ?" சிவப்புதான் என்றார் இன்னொருவர். விவாதம் முக்கால் மணி நேரம் நடந்தது. முடிவில், அந்தக் கம்பியைக் கையால் தொட்டவர் என்பதால் வென்டலிடம் பெட்டிகளை நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள். பதினேழு பெட்டிகளில் போட்டார். அதற்குப் பிறகும் லொரெட்டா லேட்டா இழுத்தவன் பொண்டாட்டிதான். ஐம்பது வருடப் பழக்கத்தை மாற்ற யாருக்கும் நாக்கு வளையவில்லை. சொல்லிவிட்டால் அச்சு கம்பி அடிப்பதை நிறுத்திவிடும் என்று வென்டல் நினைத்திருந்தார். திங்கட்கிழமை அது வழக்கம்போல எண்பத்தெட்டு பாகங்களை அடித்தது. முதல் பதிப்பு மூன்று வாரத்தில் தீர்ந்தது.

லொரெட்டா, வென்டல் கொண்டுவந்த பெட்டியிலிருந்த காரை மூன்று நாளில் ஒட்டி முடித்தாள், பதினான்காம் படியை மட்டும் விட்டுவிட்டு. கார் குளிர்பதனப் பெட்டியின் மேல் நிற்கிறது. ஞாயிறுதோறும் மதியம், டுவேன் புறப்பட்ட அதே நேரத்துக்கு, அதன் வெள்ளைப் பிளாஸ்டிக் பாராசூட் துணிபோல விரிகிறது. அவள் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு வந்து அதை மடித்து உள்ளே தள்ளுகிறாள். பார்க்க வென்டலை அவள் அழைத்ததில்லை.

வென்டலும் ஒன்று ஒட்டினார். அவரும் கம்பியைச் செருகவில்லை. மறுநாள் விடிந்தபோது கம்பி பாராசூட் பையில் இருந்தது, ரிப்பன் தொங்க. உருவிக் குப்பையில் போட்டார். அடுத்த நாளும் இருந்தது. இப்போது காலையில் எழுந்து, பல் தேய்ப்பதற்கும் காபிக்குத் தண்ணீர் வைப்பதற்கும் முன் அவர் செய்யும் முதல் வேலை அதை உருவுவதுதான். அந்தப் பாராசூட் ஒரு நாளும் விரிந்ததில்லை. அவரும் ஒரு நாளும் மறந்ததில்லை.