அவளுக்காகப் பேசியவன்

கல்லூரியைப் பாதியில் விட்டவன் அவன். அதன்பிறகு கிடங்கில் இரவு வேலை. பெட்டிகளை அடுக்கிவிட்டு, விடிந்ததும் அக்கா வீட்டுக் கூடத்தில் வந்து விழுவான். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித்தர ஆசை என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து மச்சானுக்கு அவன் வாத்தியார். பட்டம் வாங்காவிட்டாலும் பட்டப்பெயராவது வாங்கிவிட்டானே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

வேலை கேட்டு ஏறி இறங்கிய பள்ளிகளிலெல்லாம் ஒரே பதில், பட்டம் வேண்டும். ஒரு தலைமை ஆசிரியை மட்டும் உட்காரச் சொன்னார். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண்குழந்தை. வீட்டில் வாயாடுகிறாள், பள்ளியில் யாரிடமும் வாய் திறப்பதில்லை. அவளுக்குத் துணையாள் வேண்டும். ஆண்டு முடியும்வரை இருந்தால் பள்ளியே பயிற்சிக்கு அனுப்பும். பிறகு பட்டம் இல்லாமலே சின்ன வகுப்புகளில் இடம் கிடைக்கும்.

"ஆனா நடுவுல பாப்பா பேசிட்டான்னா உங்களுக்கு இங்க வேலை இல்ல" என்றார்.

கடைசிப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவன் அவளை எதுவும் கேட்கவில்லை. இரவு வேலை முடித்து வந்த தூக்கக் கலக்கத்தில் கேட்கத் தெம்பில்லை என்பதுதான் உண்மை. அவளுக்கு அதுவே பிடித்துப்போயிற்று. ஒருநாள் அவன் காதருகே வந்து, "பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள். அதன்பின் டீச்சர் கேட்கும் கேள்விகளுக்கும் அவன் காதில் பதில் சொன்னாள். அவன் அதை உரக்கச் சொன்னான். இவ்வளவாவது நடந்ததே என்று எல்லோருக்கும் நிம்மதி.

ஆண்டின் நடுவில் ஒருநாள், முன்பெஞ்சுப் பெண்ணிடம் அவள் ரப்பர் கேட்டாள். சன்னமாக, ஆனால் சொந்தக் குரலில். அவன் சட்டென்று சுற்றிப் பார்த்தான். நல்லவேளை, வேறு யாரும் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் காதை நீட்டிவிடுவான். அவள் கரும்பலகையைப் பார்த்தால் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்புவான்.

தலைமை ஆசிரியை வகுப்பைப் பார்க்க வந்தார். சுவரில் இருந்த படத்தைக் காட்டி இது என்ன என்று அவளிடம் கேட்டார். அவள் எழுந்தாள். மூச்சை இழுத்தாள். உதடு பிரிந்தது.

"ரயில்னு சொல்றா மேடம்" என்றான் அவன்.

வாய் மூடிக்கொண்டது. அவள் உட்கார்ந்தாள்.

தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டார். "சரி, வருஷம் முடியற வரைக்கும் நீங்களே கூட இருங்க. பயிற்சிக்கு உங்க பேரைக் கொடுத்துடறேன்."

வீட்டில் மச்சான் முதல்முறையாகக் கிண்டல் இல்லாமல் அவனிடம் பேசினார். அக்கா அவன் சட்டையைத் தேய்த்து வைத்தாள்.

மறுநாள் டீச்சர் கேட்டபோது அவன் குனிந்தான். காதில் ஒன்றும் விழவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவன் நிமிர்ந்து, தனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னான். சரி என்றார் டீச்சர். அதற்கடுத்த நாளும் அப்படியே. எல்லாமே சரியாக இருந்தால் சந்தேகம் வரும் என்று அவ்வப்போது தப்பாகவும் சொன்னான்.

ஆண்டுக் கடைசியில் அவளுடைய அம்மா நன்றி சொல்ல வந்தாள்.

"இப்பல்லாம் வீட்லயும் அதிகம் பேசறதில்ல சார். பொறுப்பு வந்துடுச்சு போல."

"ஆமாங்க" என்றான் அவன்.