கூட வராத குறிப்புகள்

காலையில் அலுவலகக் கதவைத் திறக்கும்போதே உள்ளே ஒரு பெண் குரல் பேசிக்கொண்டிருந்தது. லோ ஷின்யூவுக்கு அது யார் குரல் என்று உடனே தெரிந்துவிட்டது. ஹுங் அத்தை. வெளியே ஒலிக்கவே கூடாத குரல்.

தைவானின் தாவ்யுவான் நகரில், சோயாப் பால் விற்கும் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்தச் சங்கம். மின்னணுத் தொழிற்சாலையில் ரசாயனத்தில் கை நனைத்து வேலை பார்த்து, பின்னால் நோயில் விழுந்த பெண்கள் சேர்ந்து நடத்தியது. தொழிற்சாலைமேல் போட்ட வழக்குக்காக அவர்கள் பேசியதையெல்லாம் ஒலிப்பதிவு செய்து, சம்மதித்தவர்களின் பேச்சை மட்டும் வெப்சைட்டில் வைத்திருந்தார்கள். கணினிகளை ஷின்யூவும் கோ ஜிங்காயும் பார்த்துக்கொண்டார்கள்.

"இதை எதுக்குப் போட்டுக் கேக்குறே?" என்றாள் ஷின்யூ, பையைக்கூடக் கீழே வைக்காமல்.

"வெள்ளிக்கிழமை புது மெஷினுக்கு மாத்தினோம்ல, வெப்சைட் ஓடுதான்னு பாத்தேன். ஜம்முனு ஓடுது."

"வெப்சைட்லயா? இது மூடி வெச்ச பதிவு, ஜிங்காய்!"

"மூடினதா? அப்படி ஒண்ணும் இல்லையே."

அவன் சொன்னது சரிதான், ஒன்றும் இல்லை. லினக்ஸில் ஒரு கோப்போடு பெயர், தேதி தவிர நமக்கு வேண்டிய குறிப்புகளையும் ஒட்டிவைக்கலாம். கோப்பைத் திறந்தால் அவை கண்ணில் படாது. தனியாகக் கேட்டால்தான் வரும். பேசியவர் யார், யாரெல்லாம் கேட்கலாம் என்பதை ஷின்யூ அப்படித்தான் ஒட்டியிருந்தாள். 'மூடியது' என்ற குறிப்பைப் பார்த்தால் வெப்சைட் அந்தப் பதிவைத் தொடாது. இப்போது ஒவ்வொரு கோப்பாகக் கேட்டுப் பார்த்தாள். எல்லாம் மொட்டையாக இருந்தன. குறிப்பு இல்லாததால் அத்தனையையும் ஊருக்குத் திறந்துவிட்டிருந்தது வெப்சைட்.

"எப்படிக் காப்பி பண்ணே?"

"எப்பவும் பண்ற மாதிரிதான். ஆர்சிங்க் கட்டளையில ஏ போட்டேன். எல்லாத்தையும் அப்படியே தூக்கிட்டுப் போகும்னு..."

"பெரிய எக்ஸ்?"

"அது எதுக்கு?"

"அதைப் போடலேன்னா இந்தக் குறிப்பெல்லாம் கூட வராதுடா. பழைய டிஸ்க் எங்க?"

"அலமாரியிலதான் இருக்கு. இன்னும் அழிக்கல."

கொஞ்சம் மூச்சு வந்தது. வெப்சைட்டை நிறுத்தக் கை வைத்தாள்.

"ஏய், இரு! விசாரணை வருது. பத்திரிகைக்காரங்க கேட்டுட்டிருக்காங்க."

"அத்தையோட சம்பந்தி வீட்டுக்காரங்க கேட்டா நீ போய் பதில் சொல்றியா?"

நிறுத்தினாள். பழைய டிஸ்க்கிலிருந்து குறிப்புகளை மட்டும் உருவி, புதிய மெஷினில் இருந்த கோப்புகளின்மேல் திரும்ப ஏற்றினாள். வேலை சீக்கிரமே முடிந்தது. யார் எதைக் கேட்டார்கள் என்று வெப்சைட் குறித்துவைத்திருந்த பட்டியலை ஓட்டிப் பார்த்தாள். ஹுங் அத்தையின் பேச்சை சனிக்கிழமை யாரோ ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, அத்தை பழக்கடை வைத்திருந்த சந்தைக்குப் போனாள். சிவப்பு விளக்குகளில் நிற்கும்போதெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் மாற்றி மாற்றி அமைத்தாள். எதுவும் நன்றாக இல்லை.

ஹுங் அத்தை கொய்யாவை நறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் மகளின் கல்யாணத்துக்கு அழைக்கும்போது கொடுக்க வேண்டிய கேக் பெட்டிகள் சிவப்பாக அடுக்கியிருந்தன. ஷின்யூ நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் கத்தி நின்றுவிட்டது.

"பூட்டி வெச்சிருக்கேன்னுதானே சொன்னே?"

"பூட்டு இல்ல அத்தை. சீட்டு ஒட்டின மாதிரி. காப்பி எடுத்தப்போ விட்டுப்போச்சு."

"சீட்டா? ரெண்டு புள்ளய வயித்துலயே பறிகொடுத்தேன், அப்புறம் கர்ப்பப்பையையே அறுத்து எடுத்தாங்க. அதுக்கு நீ சீட்டு ஒட்டி வெச்சியா?"



பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து மகள் யுன்ஜுவான் எழுந்து வந்தாள். "அக்காவைத் திட்டாதம்மா. கேட்டது நான்தான். உன் கேஸ் எங்க வந்து நிக்குதுன்னு பாக்கப் போனேன். உன் குரல் வந்துச்சு. நிறுத்த முடியல."

அத்தை மகளைப் பார்க்காமல் கொய்யாவையே பார்த்தாள்.

"தம்பி ஏன் இல்லேன்னு கேட்டப்பல்லாம், சந்தையில நல்லதா கெடைக்கலேன்னு சொன்னியேம்மா. நானும் சிரிச்சேனே."

"அதான் வேணும். நீ சிரிக்கணும்னுதான் சொன்னேன்." அத்தை கத்தியைக் கீழே வைத்தாள். "மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"நேத்து சொல்லிட்டேன்."

"பைத்தியக்காரி! அவன் அம்மா மூணு தலைமுறைக்கு நோய் விசாரிக்கிறவடி!"

"விசாரிக்கட்டும். அவர் பேசிக்கிறேன்னு சொல்லிருக்காரு."

வாடிக்கையாளர் ஒருவர் வந்து கொய்யாவுக்கு உப்புப் பொடி கேட்டார். அத்தை போட்டுக் கொடுத்தாள், பொடி பாதி கீழே சிந்தியது.

கல்யாணம் நடந்தது. மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்து போனாள் என்று ஷின்யூ பின்னால் கேள்விப்பட்டாள், அவளைத்தான் அழைக்கவில்லையே. அத்தை சங்கத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள்.

குறிப்பு இல்லாத கோப்பை இனி மூடியதாகவே எடுத்துக்கொள்ளும்படி ஜிங்காய் நிரலை மாற்றினான். முதல் நாளே அப்படி எழுதியிருக்க வேண்டும் என்று இருவருக்கும் தெரியும்.

விசாரணைக்கு முந்தின நாள் யுன்ஜுவான் மாடியேறி வந்தாள். அம்மாவின் பதிவை நீதிமன்றத்தில் போடலாமா என்று கேட்டாள்.

"அத்தை சொன்னாத்தான்," என்றாள் ஷின்யூ.

யுன்ஜுவான் அங்கேயே நின்று ஸ்பீக்கரில் போன் போட்டு அம்மாவைக் கேட்டாள். எதிர்முனையில் சந்தை இரைச்சல் கேட்டது.

"போட வேணாம்," என்றாள் அத்தை கடைசியில். "நானே வரேன். எவ்வளவு சொல்றதுன்னு அங்க வந்து பாத்துக்கிறேன்."