யாரும் இறங்காமல் ஏறுவது எப்படி

மலை உச்சியில் ஒரு நகரம், மலையடியில் ஒரு நகரம். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கயிறு. உச்சியில் இருக்கும் சக்கரத்தில் அந்தக் கயிற்றைப் போட்டு, இந்த முனையில் ஒரு கூடையும் அந்த முனையில் ஒரு கூடையும் கட்டியிருக்கிறார்கள். மேலிருந்து பத்துப் பேர் இறங்கினால் கீழிருந்து பத்துப் பேர் ஏறலாம். மேலே இருக்கும் அத்தனை பேரும் சாபத்தால் தூங்கிப்போய்விட்டார்கள். அவர்களை எழுப்பும் மருந்தோடு ஒரு சிறுமி கீழே நிற்கிறாள். அவள் எப்படி மேலே போவாள்?

எழுதியவளுக்கே தெரியவில்லை.

அவள் லிப்ட் மெக்கானிக். ஒன்பது வருடமாக எழுதிய முதல் நாவல் அது. பதிப்பாசிரியர் அம்மாவுக்குக் கதை பிடித்துப்போய் அச்சுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அப்புறம்தான் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் கையை வைத்தார்.

"கடைசியில கூடை தானா மேல போகுதுன்னு எழுதியிருக்கீங்க. பதினெட்டு அத்தியாயமா போகாத கூடை இப்ப மட்டும் எப்படிம்மா போகும்?"

"அது... அவளோட அன்பால போகுதுங்க."

"அன்புக்கு அவ்வளவு இழுவை இருந்தா நான் ஏன் தினமும் பஸ்ல தொங்கிட்டு வர்றேன்? புது மந்திரம் வேண்டாம். திடீர்னு பறவை வந்து தூக்கிட்டுப் போறதும் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க. இல்லன்னா உங்க இடத்துல வேற புத்தகம் போயிடும், நம்மது அடுத்த வருஷம்தான்."

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை. தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த கணவர் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் முதல் வாசகர். யோசனைக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது.

"கயித்தைப் பிடிச்சு ஏறச் சொல்லு."

"மூணாவது அத்தியாயத்துல ஒருத்தன் அப்படி ஏறித்தான் செத்தான். மறந்துட்டீங்களா?"

"அவன் குண்டன். இவ ஒல்லி."

"தெரியாமத்தான் கேக்கறேன், நீங்க படிச்சீங்களா இல்ல பக்கத்தைப் புரட்டுனீங்களா?"

"சரி, ஒருத்தன் மட்டும் தூங்கலன்னு வெச்சுக்கோ. கழிவறையில இருந்தான், சாபம் படல."

அவள் சிரிக்கவில்லை. அவர் ஊசியில் நூல் கோப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

எழுத்து அவளிடம் வந்த வழியே வேறு. கம்பெனியின் பராமரிப்புப் புத்தகத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. மற்றவர்கள் 'சரி' என்று எழுதிவிட்டுப் போவார்கள். இவள், 'மூன்றாவது மாடிக் கதவு ஆட்களைப் பார்த்துத் தயங்குகிறது, புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்போல' என்று எழுதினாள். சூப்பர்வைசர் கூப்பிட்டு, "இது என்ன கதை எழுதற இடமா?" என்று கத்தினார். இல்லைதான். மறுநாள் ஒரு நோட்டு வாங்கினாள். வேலைகளுக்கு இடையே, லிப்டுக்கு மேலே இருக்கும் மெஷின் ரூமில் கருவிப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து எழுதினாள். பதிப்பகத்தில் மட்டும் தன் தொழிலைச் சொல்லவில்லை. மாயநகரம் கட்டுகிறவளிடம் கிரீஸ் வாடை அடித்தால் யார் நம்புவார்கள் என்று கூச்சம். எழுத உட்காரும்முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். கையோடு சேர்த்துத் தொழிலையும் கழுவிவிட்டாள் என்பது அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம் ஓர் அழைப்பு. எட்டு மாடிக் கட்டடம், கரண்ட் போய் லிப்ட் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒருவர், ஒரு வக்கீல். அவளும், 'டார்ச்' என்று எல்லோரும் கூப்பிடும் கூட்டாளியும் ஓடினார்கள். டார்ச் ஐந்தாம் மாடிக் கதவருகே நின்றான். அவள் மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு ஏறி, மெயின் சுவிட்சை அணைத்து, பிரேக்கைக் கையால் தளர்த்தும் நெம்புகோலை மாட்டினாள். கம்பிக்கயிறு இறங்கும் ஓட்டைகள் வழியே வக்கீலின் குரல் ஏறி வந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்மா? எனக்கு ரெண்டு மணிக்குக் கேஸ்!"

"இதோ ஆச்சு சார். கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க. வண்டி மேல வரும், பயப்படாதீங்க."

"மேலயா? நான் கீழ போகணும்மா!"

"நீங்க தனியா இருக்கீங்க சார். பிரேக்கை விட்டா மேலதான் வரும். கீழ போகணும்னா உங்ககூட இன்னும் அஞ்சாறு பேர் ஏறணும்."

சொல்லிவிட்டு நெம்புகோலை அழுத்தினாள். சக்கரம் ஒரு சாண் நகர்ந்தது. விட்டாள். மறுபடி அழுத்தினாள். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை, யாரும் இழுக்கவில்லை. ஓர் ஆள் தன்பாட்டுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

அவள் கை நின்றுவிட்டது.

"அக்கா, தூங்கிட்டியா?" என்று போனில் டார்ச் கத்தினான். "இன்னும் ஒரு முழம்!"

வக்கீலை இறக்கி, படிக்கட்டில் அனுப்பியதும் மெஷின் ரூமிலேயே கருவிப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். கை கழுவவில்லை. ஒன்றரை மணி நேரம் எழுதினாள். பிறகு பதிப்பாசிரியரை அழைத்தாள்.

"அம்மா, நான் லிப்ட் மெக்கானிக்."

"எதுக்கு இப்ப அது?"

"ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்னு எழுதினேன்ல, அது தப்பு. கேக்க அழகா இருக்குன்னு எழுதிட்டேன். நிஜத்துல எவனும் அப்படிக் கட்டமாட்டான். லிப்டுக்கு அந்தப்பக்கம் தொங்குற இரும்புக்கட்டி, காலி லிப்டைவிடக் கனம். பாதி ஆள் ஏறினா சமம். முழுசா நிறைஞ்சா லிப்டு கனம். அப்பதான் மோட்டார் எந்தப்பக்கமும் பாதிப் பாரம் இழுத்தாப் போதும்."

"சரி. நம்ம பொண்ணு?"

"மேல இருக்கற கூடையை எடுத்துட்டு ஒரு கல்லைத் தொங்கவிட்டுட்டேன். கல்லோட எடை, கூடையும் அஞ்சு பேரும் சேர்ந்த எடை. பத்துப் பேர் ஏறணும்னா மேலேருந்து ஆறு பேர் கல்லு மேல நின்னு இறங்கணும். அதனால யாராவது இறங்கினாத்தான் ஏறமுடியும்னு ஊரே நம்புது. பழைய அத்தியாயம் எதுவும் உடையாது. பத்துப் பேர்ங்கறதை ஆறு பேர்னு திருத்தினா சரி."

மறுமுனையில் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூடத் தனியா ஏறிப் பாக்கலையா?"

"கீழ கூடையைத் தரையோட ஒரு சங்கிலியால கட்டியிருக்கு, கூடை நிறையாம காவல்காரன் அதை அவிழ்க்கவே மாட்டான். காத்துல ஆடாம இருக்கத்தான் கட்டியிருக்குன்னு அவனே நினைச்சுட்டிருக்கான். கூடை மேல போயிடாம பிடிச்சு வெச்சிருக்கறதே அந்தச் சங்கிலிதான்."

"அப்ப அவ என்ன செய்யணும்?"

"தனியா கூடையில ஏறணும். சங்கிலியை அவிழ்க்கணும். கல்லு அவளைவிடக் கனம், அது இறங்கும், அவ மேல போயிடுவா."