அன்றிரவு வீட்டில் இருந்தவர்கள்

சாவி திரும்பவில்லை. வேட்டிக்கு மேல் தடித்த ஜாக்கெட் போட்டிருந்த பெரியவர் அதை உருவி, ஜாக்கெட்டில் துடைத்து, மறுபடி நுழைத்துப் பார்த்தார். யோசப்பின் என்பவள் அதைக் கண்டு வாசல் பாதையிலேயே நின்றுவிட்டாள். அந்தக் கதவைத் தட்டத்தான் அவளும் வந்திருந்தாள். உள்ளே நாய் குரைத்ததும் அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார்.

"நம்ம வீட்ல நாய் கெடையாதே" என்று கதவைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பெர்விக் என்ற புறநகருக்கு அப்பால், சில வருடங்களுக்கு முன்வரை மாடுகள் மேய்ந்த நிலம் அது. ஒரே கம்பெனி கட்டிய வீடுகள். ஒரே சாம்பல் கூரை, ஒரே கறுப்புக் கராஜ் கதவு. தெருக்களுக்கெல்லாம் மரங்களின் பெயர், மரங்களோ இன்னும் குச்சியோடு கட்டப்பட்ட கன்றுகள். வரைபடத்தில் நேராகத் தெரிகிற தெரு நடந்துபோனால் வளைந்து, யாரோ ஒருவரின் வேலியில் முட்டி நின்றுவிடும். ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு புறநகர், அந்தப் பக்கம் வேறொன்று. ஆயிரக்கணக்கில் சனம் குடியிருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் பகலில் தெருவில் ஒரு மனிதரைக் காண முடியாது. முதியோர் இல்லச் சமையல் வேலை போனபிறகு, சென்சஸுக்கு வீடு வீடாகப் போகும் இந்தத் தற்காலிக வேலையை எடுத்திருந்த யோசப்பினுக்கு, இத்தனை பேரும் எங்கே இருக்கிறார்கள் என்பதே பெரிய குழப்பமாக இருந்தது.

"ஐயா, உங்கட வீடு என்ன நம்பர்?"

தமிழைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. பெயர் கிருஷ்ணசாமி, ஊர் பெருந்துறை, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி விமலா காலமான பிறகு மகன் விவேக் விசிட்டர் விசாவில் கூப்பிட்டுக்கொண்டான். நம்பர் சரிதான், தெருதான் வேறு. யோசப்பின் அவரை அடுத்த தெருவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே சாவி உடனே திரும்பியது. அந்த வீடும் அவளுடைய பட்டியலில் சென்சஸ் படிவத்துக்குப் பதில் வராத வீடாகத்தான் இருந்தது.

உள்ளே போகக்கூடாது என்பது விதி. வாசலில் நின்றபடியே கேட்டாள்: "சென்சஸ் அண்டைக்கு இரவு இந்த வீட்டில ஆர் ஆர் இருந்தவை ஐயா?"

"நாலு பேருங்க அம்மணி. நான், பையன், மருமக ஹரிப்பிரியா, பேத்தி அக்ஷரா."

"அண்டைக்கு இரவு எல்லாரும் இங்கதான் படுத்தவையோ?"

அவர் யோசித்தார். திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். யோசப்பினும் பார்த்தாள். வாசலில் ஒரே ஒரு சோடிச் செருப்பு. சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு, அதன்மேல் கவிழ்த்த கிண்ணம். சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்களில் ஆணிகள் மட்டும் இருந்தன.

"அன்னிக்குன்னு கேட்டீங்கன்னா... மருமக பாப்பாவக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருக்குது. அவங்கம்மாவுக்கு ஆபரேசன். பையன் சிட்னியில வேலையா. வெள்ளிக்கிழமை வந்துருவான்." எந்த வெள்ளிக்கிழமை என்று அவர் சொல்லவில்லை. "இருங்க, அவனையே கேட்டுறலாம்" என்று மகனுக்குப் போன் போட்டு, சென்சஸ்காரர் வந்திருப்பதைச் சொல்லி அவளிடம் நீட்டினார்.

விவேக்கின் முதல் கேள்வியே, போன் ஸ்பீக்கரில் இருக்கிறதா என்பதுதான். இல்லை என்றதும் குரல் தாழ்ந்தது.

"அக்கா, நாலு பேர்னே போட்டுடுங்க, ப்ளீஸ். அப்பா பக்கத்துல நின்னு பாப்பாரு."

"மற்ற இடத்தில இருந்தவையை அங்க பதிஞ்சிருப்பினம் தம்பி. நான் பொய் எழுதேலாது."

 அவன் ஒரேயடியாகக் கொட்டினான். ஹரிப்பிரியா பிள்ளையோடு கிளேட்டனில் ஃப்ளாட் எடுத்துப் போய்விட்டாள். அவன் சிட்னியின் பரமட்டா ஆபீசுக்கு மாற்றல் வாங்கிவிட்டான். அந்த வீட்டில் படுத்தால் தூக்கம் வருவதில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "நீங்க சொல்லிடாதீங்க அக்கா. நானே வந்து சொல்றேன்."

யோசப்பினுக்குக் கோபம் வந்தது, இரக்கமும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. "ஓம்" என்று மட்டும் சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். கையிலிருந்த டாப்லெட்டில் ஒருவர் என்று பதிந்தாள். அந்த வீட்டுக்காரருடன் என்ன உறவு என்று அடுத்த கேள்வி வந்தது. விருந்தாளி என்பதைத் தொட்டாள். விருந்தாளி மட்டும் இருக்கிற வீடு.

"என்னையப் போய்ச் சேத்துறீங்களே, நான் இந்த ஊர்க்காரன் இல்லியே" என்றார் கிருஷ்ணசாமி.

"அண்டைக்கு இரவு இங்க இருந்தவை எல்லாரும் கணக்கில வருவினம் ஐயா."

அவர் தலையாட்டினார். பிறகு குரலை மாற்றாமலே சொன்னார்: "மருமக இந்தியாவுல இல்லீங்க. எனக்குத் தெரியும். பாப்பா இங்க நமக்குக் காலைல, பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி வீடியோவுல பேசும். அந்நேரம் பெருந்துறையில கும்மிருட்டு. பாப்பா முகத்துல வெயில் அடிக்குது. பின்னாடி சன்னல்ல ரயிலு போகுது, வானத்துல போற மாதிரி. அப்படி ஒரு ரயிலு நம்மூர்ப் பக்கம் ஏது?"

"மகனிட்டக் கேக்கேல்லையோ?"

"அவனாச் சொல்லட்டும்னு இருக்கறேன். நான் கேட்டா உடைஞ்சு போயிருவான்."

காரில் ஏறிய பிறகும் யோசப்பின் வண்டியைக் கிளப்பவில்லை. மகனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. வேலைக்குச் சத்தியமும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கண்டதையும் கேட்டதையும் வெளியில் சொல்லக்கூடாது. ரோவில்லில் இருக்கிற தன் வீட்டுக்குப் போய்க் கணவன் பொனிபஸிடம்கூடச் சொல்ல முடியாது. சொன்னாலும் அவன் என்ன சொல்வான்? உனக்கேன் தேவையில்லாத வேலை என்பான். அது சரிதான். அது சரியென்று பட்டபிறகும் அவள் இறங்கிப் போய் மறுபடி கதவைத் தட்டினாள்.

"ஐயா, எனக்குத் தெரிஞ்ச இடத்தில ரயில் அப்பிடிப் பாலத்துக்கு மேலால போறது. நாளைக்கு எனக்கு லீவு. பார்க்கப் போவமோ?"

அவர் ஏனென்று கேட்கவில்லை. உள்ளே போய் இஸ்திரி போட்ட சட்டை இருக்கிறதா என்று தேடத் தொடங்கினார்.

மறுநாள் கிளேட்டனில் தூறிக்கொண்டிருந்தது. இங்கே தெரு நிறையச் சனம். பைகளோடு மாணவர்கள், காய்கறிக் கடை வாசலில் சீனக் கிழவிகள், குடை விரிக்காமல் ஓடுகிற பிள்ளைகள். கிருஷ்ணசாமி ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தார். தண்டவாளப் பாலத்துக்கு எதிரில் ஒன்றையொன்று ஒட்டி ஃப்ளாட்டுகள் நின்றன. எத்தனையோ பால்கனிகள், உலராத துணி, சைக்கிள், கறிவேப்பிலைத் தொட்டி. இதில் எது? கண்டுபிடித்தால்தான் என்ன செய்வது? மணியடித்து என்ன சொல்வது? ஹரிப்பிரியா கதவைத் திறப்பாளா? அதையெல்லாம் வரும்போது யோசித்திருக்கவில்லை என்பது யோசப்பினுக்கு அப்போதுதான் உறைத்தது.

"போவமோ ஐயா?" என்றாள்.

"ஒரு ரயிலு போகட்டுங்க."

ரயில் வந்தது. சத்தம் தலைக்கு மேலே போய் மறைந்தது. அதைப் பார்க்க மேல் மாடி ஒன்றில் சிறு பிள்ளை ஒன்று ஓடிவந்து கம்பியில் முகம் வைத்து நின்றது. கிருஷ்ணசாமி அப்போது மழைத்துளி படிந்த கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை கீழே பார்த்து, கையை வேகமாக ஆட்டியது. அவர்களுக்கா, ரயிலுக்கா என்று தெரியவில்லை. அவர் கண்ணாடி போடாமலே கையை உயர்த்தினார்.

"அம்மணி, அது நம்ம பாப்பாவுங்களா?"

யோசப்பின் அக்ஷராவைக் கண்டதே இல்லை. உள்ளேயிருந்து ஒரு வளையல் கை நீண்டு வந்து பிள்ளையின் தோளைப் பிடித்தது.